பூசணம் பிடித்த புண்ணாக்கை பாக்டீரியா சுத்தம் செய்யுமா?



நாலு நாள் விடாமல் மழை பெய்தால் போதும், மாடு வைத்திருக்கும் வீடுகளில் ஒரு பிரச்சினை வந்துவிடும். மூலையில் வைத்த கடலைப் புண்ணாக்கு மூட்டையில் பச்சையாகப் பூசணம் பூத்திருக்கும். காசு கொடுத்து வாங்கினது, தூக்கிப்போட மனசு வராது. "வெயில்ல ஒரு நாள் காயப்போட்டு மாட்டுக்கு வச்சிடலாம்" என்போம். இப்போது இன்னொரு பேச்சும் சேர்ந்திருக்கிறது. "நஞ்சை முறிக்கிற பாக்டீரியா இருக்காம், அதைத் தீவனத்துல கலந்தா போதுமாம்" என்று சொல்கிறார்கள். இதில் எவ்வளவு உண்மை? மாடும் கோழியும் வளர்க்கிற நமக்கும், கடலை மிட்டாய், சத்துமாவு செய்து விற்கிற நமக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். இந்த மாதப் பாடம் அதுதான்.

பூசணம் வேறு, நஞ்சு வேறு

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்வோம். கண்ணுக்குத் தெரிகிற பச்சைப் பூசணம் ஓர் உயிர். அது வளரும்போது தானியத்துக்குள் ஒரு நஞ்சை விட்டுவிடுகிறது. நிலக்கடலை, மக்காச்சோளம், பருத்திக்கொட்டை, கொப்பரை, மிளகாய் ஆகியவற்றில் வரும் ஆஸ்பர்ஜில்லஸ் பிளேவஸ் என்ற பூசணம் விடும் நஞ்சுக்கு அஃப்ளாடாக்சின் என்று பெயர்.

வெயிலில் காயவைத்தால் பூசணம் சாகும். தட்டி உதறினால் பச்சைப் பொடி போய்விடும். ஆனால் உள்ளே இறங்கிய நஞ்சு அப்படியே இருக்கும். வறுத்தால் கொஞ்சம் குறையும், முழுசாகப் போகாது. சாதாரணமாக வேகவைக்கிற சூடு அதற்குப் போதாது. இன்னொரு விஷயமும் உண்டு. பூசணம் கண்ணுக்கே தெரியாத கடலையிலும் நஞ்சு இருக்கலாம். அதனால் "பார்த்தால் நல்லாத்தானே இருக்கு" என்று முடிவு செய்ய முடியாது.

இந்த நஞ்சு எப்படித் தெரிய வந்தது?

1960-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் சில மாதங்களுக்குள் 1 லட்சம் வான்கோழிகள் செத்து விழுந்தன. என்ன நோய் என்றே புரியவில்லை. கடைசியில் எல்லாப் பண்ணைகளுக்கும் பொதுவாக இருந்தது தீவனம்தான் என்று கண்டார்கள். பிரேசில் நாட்டிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் இந்தப் பூசணம் பிடித்திருந்தது. அதை ஆராய்ந்தபோதுதான் அஃப்ளாடாக்சின் வெளியே தெரிந்தது.

நம் நாட்டிலும் நடந்திருக்கிறது. 1974-ஆம் ஆண்டு கடைசியில் ராஜஸ்தானின் பன்ஸ்வாரா, குஜராத்தின் பஞ்ச்மஹால் மாவட்டங்களில் அறுவடை நேரத்தில் பெய்த மழையில் மக்காச்சோளம் நனைந்து பூசணம் பிடித்தது. அதையே அன்றாடம் ரொட்டியாகச் சுட்டுச் சாப்பிட்ட ஏழைக் குடும்பங்களில் சுமார் 400 பேருக்கு மஞ்சள் காமாலையும் வயிற்றில் நீரும் வந்தது. 106 பேர் இறந்தார்கள். அதே சாப்பாட்டைத் தின்ற வீட்டு நாய்களுக்கும் அதே நோய் வந்தது. 2004-இல் கென்யா நாட்டிலும் மக்காச்சோளத்தால் இதேபோல 125 பேர் இறந்தார்கள்.

இவை ஒரேயடியாக அதிக நஞ்சு உள்ளே போனதால் வந்த சாவுகள். நம் வீடுகளில் பெரும்பாலும் நடப்பது வேறு. கொஞ்சம் கொஞ்சமாகப் பல வருஷம் உள்ளே போகும். கல்லீரல் கெடும், கல்லீரல் புற்றுநோய் வரலாம். ஹெபடைடிஸ்-பி கிருமி உடம்பில் இருப்பவர்களுக்கு இந்த ஆபத்து பல மடங்கு அதிகம். கோழிக்குஞ்சுக்கு எடை கூடாது, முட்டை குறையும். வாத்துக் குஞ்சு இன்னும் சீக்கிரம் சாகும். மாடு தீவனம் எடுக்காது, பால் குறையும்.

மாடு தின்றால் நமக்கென்ன?

"மாடு எதையும் செரிச்சிடும்" என்று சொல்வது வழக்கம். ஒரு வகையில் அது சரிதான். மாட்டின் முதல் வயிற்றில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருக்கின்றன. சில பூசண நஞ்சுகளை அவை முறித்துவிடும். ஆனால் அஃப்ளாடாக்சினில் பெரும்பகுதி அவற்றிடமிருந்து தப்பிவிடுகிறது. தின்ற நஞ்சில் நூற்றுக்கு 1 முதல் 6 பங்கு வரை, எம்-1 என்ற வேறு உருவத்தில் பாலில் இறங்குகிறது. காலையில் தின்றது மறுநாளே பாலில் வந்துவிடும். காய்ச்சினாலும் போகாது. தயிர் தோய்த்தாலும் போகாது. பன்னீர் செய்தால் அதில் இன்னும் கெட்டியாகச் சேரும்.

இது எங்கேயோ நடக்கிற கதை இல்லை சகோதரிகளே. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் நாடு முழுவதும் பால் மாதிரிகளை எடுத்துச் சோதித்து, 2019-இல் முடிவை வெளியிட்டது. மொத்தம் 6,432 மாதிரிகள். அதில் 368 மாதிரிகளில் இந்த எம்-1 நஞ்சு எல்லைக்கு மேல் இருந்தது. எண்ணிக்கையில் முதலில் நின்றது நம் தமிழ்நாடுதான். இங்கே எடுத்த 551 மாதிரிகளில் 88. தண்ணீர் கலந்ததால் வந்த குற்றம் இல்லை இது. தீவனத்தில் இருந்து வந்தது. அப்படியானால் இதைச் சரிசெய்யும் இடமும் நம் மாட்டுக் கொட்டகைதான்.

பாக்டீரியா என்ன செய்கிறது?

பாக்டீரியா என்றாலே நோய் என்று நினைக்க வேண்டாம். பாலைத் தயிராக்குவதும், இட்லி மாவைப் பொங்க வைப்பதும் பாக்டீரியாதான். பூசண நஞ்சைக் குறைக்க அவை இரண்டு வழிகளில் உதவுகின்றன.

ஒன்று, பிடித்துக்கொள்வது. தயிரில் இருக்கும் லாக்டோபாசில்லஸ் குடும்பத்துப் பாக்டீரியாவின் மேல்தோலில் அஃப்ளாடாக்சின் ஒட்டிக்கொள்ளும். முள்செடியில் பஞ்சு ஒட்டுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். பாக்டீரியாவோடு சேர்ந்து நஞ்சும் சாணத்தில் வெளியே போய்விடும். 1990-களில் பின்லாந்து நாட்டு விஞ்ஞானிகள் இந்த வகையில் ஒரு பாக்டீரியா, சோதனைக் குழாயில் இருந்த நஞ்சில் நூற்றுக்கு 80 பங்கு வரை பிடித்துக்கொண்டதைக் காட்டினார்கள். ஆச்சரியம் என்னவென்றால், சூடுபடுத்திக் கொன்ற பாக்டீரியாவும் நஞ்சைப் பிடித்தது. குறை என்னவென்றால், பிடி இறுக்கமானது இல்லை. திரும்பத் திரும்பக் கழுவினால் கொஞ்சம் நஞ்சு கழன்று வந்துவிட்டது. வயிற்றுக்குள்ளும் அப்படிக் கழன்றால் என்ன ஆகும் என்பதை யோசிக்க வேண்டும்.

இரண்டு, உடைப்பது. சில பாக்டீரியாக்கள் சுரக்கும் நொதிகள் நஞ்சையே உடைத்து வேறு பொருளாக மாற்றிவிடும். இதுதான் நிரந்தரத் தீர்வு. ஆனால் இப்படிப்பட்ட பாக்டீரியா கிடைப்பது அரிது. 1966-இல் அமெரிக்காவின் பியோரியா நகரில் இருந்த அரசு ஆய்வுக்கூடத்தில் சுமார் 1,000 நுண்ணுயிர்களைச் சோதித்தார்கள். திரும்பி வராதபடி அஃப்ளாடாக்சினை நீக்கியது ஒரே ஒரு பாக்டீரியாதான். பாலில், எண்ணெயில், கடலை வெண்ணெயில், மக்காச்சோளத்தில் எல்லாம் அது வேலை செய்தது. ஆனாலும் உணவுக்கு வரவில்லை. அதற்கு ஆரஞ்சு நிறம், போட்ட பொருளையும் நிறம் மாற்றிவிடும். நாம் வழக்கமாகச் சாப்பிடும் பாக்டீரியாவும் இல்லை.

சந்தை வரை வந்த ஒன்றும் உண்டு. மாட்டின் முதல் வயிற்றிலிருந்தே பிரித்தெடுத்த ஒரு பாக்டீரியாவைப் பன்றித் தீவனத்தில் சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் 2013-இல் அனுமதி கொடுத்தது. ஆனால் அது முறிப்பது குளிர் நாடுகளில் கோதுமையிலும் மக்காச்சோளத்திலும் வருகிற வேறொரு பூசண நஞ்சை. நம் ஊர் அஃப்ளாடாக்சினை அது ஒன்றும் செய்யாது. ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு சாவி. ஒன்றுக்கு வாங்கியது இன்னொன்றுக்கு உதவாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

பாக்டீரியாவோ, கடையில் விற்கும் நஞ்சு பிடிக்கும் மண் பொடியோ, எதைக் கலந்தாலும் ஒரு பங்குதான் குறையும். மீதி நிற்கும். அந்த மீதி எவ்வளவு என்பதுதான் கேள்வி. குழுக் கணக்கு எழுதும் சகோதரிகள் பேனா எடுத்துக்கொள்ளுங்கள்.

பாலில் இந்த நஞ்சுக்கு நம் நாட்டில் வைத்திருக்கும் எல்லை ஒரு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம். (ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்காகப் பிரித்தால் ஒரு பங்கு, ஒரு மைக்ரோகிராம்.) ஒரு மாடு தினமும் 3 கிலோ அடர்தீவனம் தின்று 10 லிட்டர் பால் தருகிறது, தின்ற நஞ்சில் நூற்றுக்கு 2 பங்கு பாலில் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம்.

முதல் மாடு: தீவனத்தில் கிலோவுக்கு 20 மைக்ரோகிராம் நஞ்சு. மாடு தின்றது 60. பாலில் இறங்கியது 1.2. பத்து லிட்டரில் பிரிந்தால் லிட்டருக்கு 0.12. எல்லைக்குள் இருக்கிறது.

இரண்டாவது மாடு: தீவனத்தில் கிலோவுக்கு 100. தின்றது 300. பாலில் 6. லிட்டருக்கு 0.6. எல்லையைத் தாண்டிவிட்டது. இங்கே நஞ்சில் பாதியைப் பிடிக்கிற பொருளைக் கலந்தால் 0.3 ஆகும். எல்லைக்குள் வந்துவிடும். பலன் கிடைத்தது.

மூன்றாவது மாடு: பூசணம் பிடித்த புண்ணாக்கு கலந்த தீவனம், கிலோவுக்கு 500. தின்றது 1,500. பாலில் 30. லிட்டருக்கு 3. பாதியைப் பிடித்தாலும் 1.5 மிச்சம். எல்லையைப் போல மூன்று மடங்கு!

புரிகிறதா சகோதரிகளே? கொஞ்சம் நஞ்சு இருக்கும் தீவனத்தில் இந்தப் பொருட்கள் கைகொடுக்கும். கெட்டுப்போன மூட்டையை எதுவும் நல்ல மூட்டையாக்காது. பொடியைக் கலந்துவிட்டோம் என்ற தைரியத்தில் பூசண மூட்டையை மாட்டுக்கு வைத்தால், அந்தப் பால் நம் பிள்ளையின் டம்ளருக்குத்தான் வரும்.

பாக்டீரியா நமக்கு உதவும் சரியான இடம் வயல்

அப்படியானால் பாக்டீரியாவால் நமக்குப் பயன் இல்லையா? இருக்கிறது. நஞ்சு வந்த பிறகு எடுப்பதை விட, பூசணம் வராமல் தடுக்க அதைப் பயன்படுத்துவது சுலபம். இந்தப் பூசணம் மண்ணிலேயே இருக்கிறது. காய் மண்ணுக்குள் இருக்கும்போதே ஏறிவிடும். சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா வேரையும் காயையும் சுற்றி வளர்ந்து, பூசணத்துக்கு இடமும் சாப்பாடும் கிடைக்காமல் செய்யும். அதை எதிர்க்கும் பொருட்களையும் சுரக்கும்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதைப் பொடியாக்கித் தந்திருக்கிறது. வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேளுங்கள். விதைக்கும் முன் ஒரு கிலோ கடலைப் பருப்புக்கு 10 கிராம் கலக்க வேண்டும். ஏக்கருக்கு 1 கிலோ பொடியை 20 கிலோ மக்கிய தொழுவுரத்தில் கலந்து மண்ணில் இடலாம். இது உயிருள்ள பொருள். அதனால் வெயிலில் வைக்கக் கூடாது, ரசாயனப் பூசணக்கொல்லியோடு கலக்கக் கூடாது, பாக்கெட்டில் போட்டிருக்கும் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும்.

இதோடு இன்னும் சில வேலைகள் உண்டு. 40 முதல் 45-ஆம் நாளில் மண் அணைக்கும்போது ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போட்டால் காயின் ஓடு கெட்டியாகும். காய் முற்றும் கடைசி மாதத்தில் செடி வாடினால் பூசணம் அதிகம் ஏறும், ஒரு தண்ணீர் கொடுக்க முடிந்தால் கொடுத்துவிடுங்கள். பருவத்தில் பிடுங்குங்கள். மண்வெட்டி பட்டது, பூச்சி துளைத்தது, ஓடு உடைந்தது எல்லாவற்றையும் தனியாக ஒதுக்குங்கள். பிடுங்கிய செடியைக் காய் மேலே இருக்கும்படி கவிழ்த்துக் காயவையுங்கள். காயைக் குலுக்கினால் பருப்பு கலகலவென்று சத்தம் போட வேண்டும். ஈரம் நூற்றுக்கு 8-க்கு மேல் இருக்கக் கூடாது.

கடலை உடைக்கும் வேலைக்குப் போகும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. பருப்பு உடையாமல் வரட்டும் என்று காய் மேல் தண்ணீர் தெளித்து உடைப்பது பல இடங்களில் வழக்கம். நஞ்சுக்கு இது கதவைத் திறந்து விடுவது போல. ஈரப் பருப்பை அப்படியே மூட்டை கட்டினால் சீக்கிரமே பூசணம் பிடிக்கும். தண்ணீர் தெளித்துத்தான் உடைக்க வேண்டும் என்றால், உடைத்த பருப்பை அன்றே நன்றாகக் காயவைத்த பிறகுதான் மூட்டை கட்ட வேண்டும்.

வீட்டிலும் குழுத் தொழிலிலும்

புண்ணாக்கு, தவிடு, கலப்புத் தீவன மூட்டைகளைத் தரையில் வைக்காமல் பலகை மேல், சுவரை ஒட்டாமல் வையுங்கள். மழைக்காலத்தில் இரண்டு மூன்று வாரத்துக்குத் தேவையானதை மட்டும் வாங்குங்கள். முதலில் வாங்கியதை முதலில் செலவு செய்யுங்கள். வாங்கும்போதே கையை விட்டுப் பாருங்கள். கட்டி கட்டியாக இருந்தால், சூடாக இருந்தால், மக்கின வாடை வந்தால் திருப்பிக் கொடுங்கள்.

கடலை மிட்டாய், சத்துமாவு, இட்லிப் பொடி செய்யும் குழுக்கள் கடலையை வறுக்கும் முன் கையால் பொறுக்குங்கள். நஞ்சு எல்லாப் பருப்பிலும் ஒரே மாதிரி இருக்காது. சுருங்கினது, நிறம் மாறினது, பூச்சி அரித்தது, முளைவிட்டது என்று கொஞ்சம் பருப்பில்தான் அதிகம் சேர்ந்திருக்கும். அதைப் பொறுக்கி எறிந்தாலே பெரும்பகுதி நஞ்சு போய்விடும். பொறுக்கினதை எண்ணெய் ஆட்டவோ கோழிக்குப் போடவோ கூடாது. நம் வீட்டுப் பெண்களின் கண்ணும் கையும் செய்கிற இந்த வேலைக்கு எந்த மிஷினும் பொடியும் ஈடில்லை.

சகோதரிகள் கேட்கும் கேள்விகள்

பூசணம் பிடித்ததை நல்ல தீவனத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து தீர்த்துவிடலாமா?
கூடாது. நல்ல மூட்டையும் கெடும். ஆடு, கோழிக்கும் வேண்டாம், அடுத்தவருக்கு விற்கவும் வேண்டாம். ஈரம் தெளித்துத் தூசி பறக்காமல், மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள்.

தயிர்த் தண்ணீரை ஊற்றிப் புளிக்க வைத்தால் நஞ்சு போகுமா?
தயிர் பாக்டீரியா நஞ்சைப் பிடிக்கும் என்று மேலே படித்தோம். ஆனால் அது எந்த வகை, எவ்வளவு, எத்தனை நேரம் என்று அளந்து செய்த சோதனை. நம் பானையில் அதை அளக்க வழியில்லை. அதனால் அதை நம்பிக் கெட்டதை வைக்க வேண்டாம்.

கடையில் நஞ்சு முறிக்கும் பாக்டீரியா பொடி என்று விற்றால்?
மூன்று கேள்வி கேளுங்கள். எந்த நஞ்சுக்கு? பிடிக்குமா, உடைக்குமா? கறவை மாட்டுக்குக் கொடுத்து, பாலில் சோதித்த அறிக்கை இருக்கிறதா? பதில் வரவில்லை என்றால் காசை முந்தானையில் முடிந்துகொண்டு வந்துவிடுங்கள். கால்நடை மருத்துவரைக் கேட்டு வாங்குங்கள்.

ஏற்கெனவே அந்தத் தீவனத்தைக் கொடுத்துவிட்டேன். இப்போது என்ன செய்வது?
உடனே நிறுத்துங்கள். நல்ல தீவனத்துக்கு மாறினால் நாலைந்து நாளில் பாலில் நஞ்சு இறங்கிவிடும். அதுவரை அந்தப் பாலைக் குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டாம், சொசைட்டிக்கும் ஊற்ற வேண்டாம்.

குழுக் கூட்டத்தில் பேசுவதற்கு

1. நம் குழுவில் எத்தனை பேர் மாட்டுக்குக் கடலைப் புண்ணாக்கு வைக்கிறோம்? மூட்டையை எங்கே, எதன் மேல் வைக்கிறோம்? அடுத்த கூட்டத்துக்கு முன் ஒவ்வொருவரும் பார்த்துவிட்டு வந்து சொல்ல வேண்டும்.

2. ஆளுக்கு ஒரு பழைய பலகை போட முடியுமா? இல்லாதவர்களுக்குக் குழு உதவ முடியுமா?

3. சேர்ந்து மொத்தமாகத் தீவனம் வாங்கும் குழுக்கள், ஒரு மாதிரியைப் பரிசோதனைக்கு அனுப்பலாம். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் தீவனப் பரிசோதனைக் கூடம் இருக்கிறது. மூட்டையின் ஓர் இடத்தில் மட்டும் எடுக்காமல், பல மூட்டைகளில் பல இடத்திலிருந்து கைப்பிடி கைப்பிடியாக எடுத்துக் கலந்து அனுப்ப வேண்டும். செலவைப் பங்கு போட்டால் ஆளுக்குக் கொஞ்சம்தான் வரும்.

4. இந்தப் பட்டத்தில் கடலை விதைக்கும் உறுப்பினர்கள் யார் யார்? சூடோமோனாஸ் எத்தனை கிலோ வேண்டும் என்று பட்டியல் எழுதி, ஊக்குநர் மூலம் விரிவாக்க மையத்தில் கேட்கலாம்.

விஞ்ஞானிகள் இன்னும் நல்ல பாக்டீரியாக்களைத் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஒரு நாள் அஃப்ளாடாக்சினை முழுசாக உடைக்கும் ஒன்று நம் தீவனக் கடைக்கும் வரட்டும், வரவேற்போம். அன்றைக்கும் மூட்டை ஈரமாகாமல் பார்த்துக்கொள்கிற வேலை நம்முடையதுதான். ஒரு மூட்டைப் புண்ணாக்கு போனால் நஷ்டம் ஒரு மூட்டையோடு முடியும். அதை மாட்டுக்கு வைத்தால் கணக்கு அங்கே முடியாது.

படித்த சகோதரிகள் படிக்கத் தெரியாத சகோதரிகளுக்கு இந்தப் பாடத்தைக் கூட்டத்தில் வாசித்துக் காட்டுங்கள். மூன்று மாட்டுக் கணக்கை மட்டும் கரும்பலகையில் எழுதிப் போடுங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.